குன்னூர் ஈரத்தில் புத்தகங்களுக்குப் பூஞ்சை: எந்த ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வாங்கலாம்?

வணக்கம். குன்னூரில் வீட்டின் வடக்குப் பக்க அறையில்தான் படிப்பதும் கதை எழுதிப் பழகுவதும். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து புத்தகங்களில் பூஞ்சை படர்கிறது. துணி அட்டைகளில் வெண்பொடி, தாள் ஓரங்களில் பழுப்புப் புள்ளிகள், திறந்தால் ஈர வாடை. மைப்பேனாவில் எழுதிய கதை நோட்டுகளில் எழுத்து ஊறிப் பரவுகிறது. அவற்றுக்கு வேறு பிரதி இல்லை என்பதுதான் பெரிய கவலை.

மர அலமாரியைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தேன். வேப்பிலையும் நாப்தலின் உருண்டையும் பூச்சியை விரட்டின, பூஞ்சையை அல்ல. சிலிக்கா ஜெல் பைகள் சீக்கிரமே ஈரம் குடித்து நிறம் மாறிவிடுகின்றன. எழுதும்போது பக்கத்திலேயே நீலகிரித் தேநீர் கொதிப்பது எனக்குப் பெரிய சுகம்; ஆவி வேண்டாமென்று அந்தக் கெட்டிலையும் சமையலறைக்கு மாற்றிவிட்டேன். அப்படியும் ஈரப்பதமானி 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை. 65-ஐத் தாண்டினாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். காயவைக்கலாம் என்றால் வெயிலே இல்லை.

அறை 150 சதுர அடி, இரவில் 12 டிகிரி வரை குளிர்கிறது. மலைப்பகுதியில் புத்தகம் சேர்ப்பவர்களே, ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தில் இந்தக் குளிருக்கு ஒழுங்காக வேலை செய்வது கம்ப்ரசர் வகையா (காற்றைக் குளிரவைத்து ஈரத்தை நீராக்குவது), டெசிகன்ட் வகையா (ஈரம் குடிக்கும் பொருளால் காற்றை உலர்த்துவது)?