ஓய்வுபெற்ற கரி எஞ்சின் மறுபடி ஓடியதைப் பார்த்தவர்கள் சொல்லுங்க!

வில்லிவாக்கம் வாசி

நானே ஆரம்பிக்கிறேன். 2010 ஆகஸ்ட் 15, சென்ட்ரலிலிருந்து ஆவடி வரைக்கும் இ.ஐ.ஆர். 21 (பழைய ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயின் 21ஆம் நம்பர் எஞ்சின்) ஓடிய நாள். 1855ல் இங்கிலாந்து லீட்ஸில் கிட்சன் கம்பெனி செய்த எஞ்சின். 1909ல் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அப்புறம் நூறு வருஷம் ஜமால்பூர், ஹவுரா என்று காட்சிப்பொருளாகவே நின்றது. அதைப் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் வாங்கி ஓட வைத்தது.

வில்லிவாக்கத்தில் பிளாட்பாரம் முழுக்கக் கூட்டம். எனக்குக் கண் போனது சக்கரத்தின் மேல்தான். நடுவில் ஒரு ஜோடி பெரிய சக்கரம், இழுப்பது அது மட்டும்தான். முன்னும் பின்னும் இருக்கிற சின்னச் சக்கரங்கள் சும்மா பாரம் தாங்க. அதை வைத்துக்கொண்டு எப்படித்தான் அந்தக் காலத்தில் வண்டி இழுத்தார்களோ! பக்கத்து லைனில் போன எலக்ட்ரிக் வண்டிக்காரர் ஹாரன் அடிக்க, இது விசில் அடிக்க, சின்னப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

சும்மா ஒருத்தன்

பாதி உருப்படி புதுசாகப் போட்டிருப்பாங்களே அண்ணே. அப்புறம் அது எப்படி 1855 எஞ்சின் ஆகும்?

பாய்லர் ஷாப் பெரிசு

தம்பி, எஞ்சின்கள் தினமும் ஓடின காலத்திலேயே பெரிய ஓவர்ஹாலுக்கு வந்தால் பாய்லரைக் கழற்றி, ரெடியாக இருக்கிற இன்னொன்றைத் தூக்கி வைத்து அனுப்பிவிடுவார்கள். இதன் பாய்லர் அதில், அதன் சக்கரம் இதில். யாரும் கணக்குக் கேட்டதில்லை. ஸ்டேஷன் வாசலில் மேடை கட்டிப் பழைய எஞ்சினை நிறுத்தி, துருவுக்கு மேலேயே வருஷா வருஷம் பெயின்ட் அடிக்கிறார்களே, அதைவிடப் புதுத் தகடு போட்டு ஓட்டுவது எவ்வளவோ மேல்.

நின்ற எஞ்சினை எழுப்புவதில் முக்கால்வாசி வேலை பாய்லர்தான். சூடான புகை போகிற ட்யூப் எல்லாவற்றையும் உருவி எடுக்கணும். உள்ளே உப்புக் கட்டி சுண்ணாம்பு மாதிரிப் பிடித்திருக்கும், சுரண்டணும். தகடு எங்கே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளக்கணும். அப்புறம் ஸ்டே. நெருப்புப் பெட்டியையும் வெளித் தகட்டையும் பிடித்து நிறுத்துகிற நூற்றுக்கணக்கான போல்ட்டுகள். சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போவோம். நல்லது கணீரென்று கேட்கும், உடைந்தது மொக்கையாகக் கேட்கும். ஸ்டேயில் மெல்லிசாக ஒரு துளை போட்டிருப்பார்கள். விரிசல் விட்டால் அது வழியாகத் தண்ணீர் கசிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லாம் முடிந்தால் முதலில் பச்சைத்தண்ணீரை நிரப்பி, ஓடும்போது இருக்கிற அழுத்தத்துக்கும் மேலே ஏற்றி டெஸ்ட். ஏன் தண்ணீர்? தண்ணீர் அமுங்காது. தகடு விட்டாலும் பீய்ச்சி அடித்து நின்றுபோகும். அதே இடத்தில் நீராவி இருந்தால் ஷாப்பே பறந்துவிடும். தண்ணீரில் தாங்கின பிறகுதான் நெருப்பு. அதுவும் ஒரேயடியாகக் கொளுத்தக் கூடாது. குளிர்ந்த பாய்லரை அவசரப்பட்டுச் சூடாக்கினால் ட்யூப் வாயெல்லாம் ஒழுகும்.

கல்லாறு

எங்கள் பக்கம் கதை வேற மாதிரி. நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் கிளாஸ் எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் பிறந்தவை. பெரிய ரிப்பேர் என்றால் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனைக்குத்தான் போகும். பழசைப் பிரித்துப் பிரித்துப் பூட்டின கையோடு எண்ணெயில் ஓடும் புது எஞ்சின்களையே செய்துவிட்டார்கள். 2021ல் கரியில் ஓடுகிற ஒன்றையும் செய்து வெளியே விட்டார்கள். பழைய எஞ்சினைப் புதுப்பித்த ஊர் நிறைய உண்டு. இந்தக் காலத்தில் அதே மாதிரியைப் புதுசாகச் செய்த ஊரை விரல் விட்டு எண்ணிவிடலாம். இதை ஏனோ நாம் பெருமையாகப் பேசுவதே இல்லை.

கல்லாறு தாண்டிப் பல் தண்டவாளம் (எஞ்சினின் பல்சக்கரம் கவ்விக்கொண்டு ஏறுகிற, நடுவில் பல் வைத்த தண்டவாளம்) ஆரம்பிக்கிற இடத்தில் காதைக் கொடுத்துப் பாருங்க. அதுவரை கீழ் சிலிண்டர் மட்டும் வேலை செய்யும். பல் தண்டவாளத்தில் ஏறியதும், கீழ் சிலிண்டரில் ஒருமுறை உழைத்த நீராவியே மேல் சிலிண்டருக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுற்றும். சத்தமே மாறிப்போகும். 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம், எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும்.

நாகர்கோவில்

2019ல் அந்த 21 இங்கேயும் வந்து கன்னியாகுமரி வரைக்கும் ஓடியது. வேலை நாள் என்று நான் போகவில்லை. வீட்டில் இன்னும் திட்டு.

சும்மா ஒருத்தன்

பெரியவரே, கேள்வியை வாபஸ் வாங்கிக்கிறேன். பிரஷர் இருக்கிற பாய்லருக்குள்ளே தண்ணீரை எப்படி அனுப்புவாங்க? பம்பா?

பாய்லர் ஷாப் பெரிசு

ஆரம்ப காலத்தில் பம்புதான். பின்னால் இன்ஜெக்டர் வந்தது. பாய்லரின் நீராவியையே குறுகலான கூம்பு வழியாக வேகமாக விட்டால், அது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு அதே பாய்லருக்குள் போய்விடும். அசையும் பாகம் அனேகமாக ஒன்றும் கிடையாது. ஆனால் ரொம்ப அடம். சூடேறிவிட்டால் தண்ணீர் எடுக்காது. ஒரு வாளி பச்சைத்தண்ணீரை அதன் தலையில் ஊற்றினால் எடுத்துக்கொள்ளும்.