மொட்டை மாடிக்குச் செலவழிப்பதா, புதிய ஏசிக்குச் செலவழிப்பதா?

உறையூரான் (பிப்ரவரி 9)

அனைவருக்கும் வணக்கம். திருச்சி உறையூரில், 19 ஆண்டுகளுக்கு முன் கட்டிய எங்கள் சொந்த வீட்டின் மேல்தளத்தில் நான்கு பேர் குடியிருக்கிறோம். எங்கள் தலைக்கு மேல் ஐந்து அங்குலக் கான்கிரீட் தளமும் அதன்மேல் பதித்த தட்டோடும் தவிர வேறு காப்பு எதுவும் இல்லை. சென்ற ஆண்டு தை, மாசி மாதங்களில் 290 யூனிட்டாக இருந்த மின்கணக்கு, பங்குனி, சித்திரையில் 610 ஆகவும், அதற்கடுத்த இரண்டு மாதங்களில் 840 ஆகவும் ஏறியது.

12க்கு 14 அடி உள்ள படுக்கையறையில், 2013இல் வாங்கிய ஒன்றரை டன் ஏசி ஒன்று ஓடுகிறது. மூன்று நட்சத்திரம், இன்வெர்ட்டர் அல்லாத, எப்போதும் ஒரே வேகத்தில் ஓடும் பழைய வகை. இரவு பத்து மணிக்குப் படுத்தால் உடம்பின் பக்கங்கள் குளிர்கின்றன, ஆனால் மேலேயிருந்து அனல் இறங்கிக்கொண்டே இருக்கிறது. இட்லிக் கொப்பரைக்குள் ஏசி மாட்டியது போன்ற நிலை.

கையில் 45,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். கடைக்காரர் ஐந்து நட்சத்திர ஏசியை வாங்கச் சொல்கிறார். என் மைத்துனரோ, மாடியில் வெப்பத்தைத் தடுக்கும் வெள்ளைப் பூச்சு அடித்தாலே போதும் என்கிறார். ஆயிரம் சதுர அடிக்கு, கூலியும் சேர்த்து, 27,000 ரூபாய் கேட்கிறார்கள். இரண்டில் எதை முதலில் செய்யலாம்? மார்கழி, தை மாதங்களில் அம்மாவுக்காக நாள் முழுவதும் கீசரைப் போட்டே வைத்திருக்கிறோம். அதைப் பற்றியும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.


சுண்ணாம்புக்காளவாய் (பிப்ரவரி 9)

உறையூர் நண்பருக்கு, கட்டட வேலையில் 36 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் மாடி, பிறகுதான் ஏசி. இந்த வரிசையை மாற்றினால் இரண்டு முறை செலவு செய்ய வேண்டியிருக்கும். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நம் ஊரில் வீட்டுக்குள் வரும் வெப்பத்தில் பெரும்பங்கு சுவர் வழியாக வருவதில்லை. திருச்சி வட அட்சரேகை 10.8 பாகையில் இருப்பதால், சித்திரை முதல் வாரத்திலும் ஆவணி இரண்டாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேராக உச்சந்தலைக்கு மேல் நிற்கிறது. இடைப்பட்ட மாதங்களிலும் அதிகம் சாய்வதில்லை. தெளிவான கோடை நண்பகலில் ஒரு சதுர மீட்டர் தளத்தின் மீது ஏறக்குறைய 1000 வாட் வெயில் விழும். உங்கள் படுக்கையறையின் மேல்பரப்பு பதினைந்தரைச் சதுர மீட்டர். ஆகவே அந்த ஓர் அறையின் கூரைமீது மட்டும் 15 கிலோவாட் விழுகிறது. உங்கள் ஒன்றரை டன் ஏசி முழு மூச்சுடன் ஓடினாலும் வெளியேற்றக்கூடிய வெப்பம் ஐந்தேகால் கிலோவாட்தான். விழுவதெல்லாம் உள்ளே வருவதில்லை என்பது உண்மையே. ஆனால் பழுத்துக் கறுத்த தட்டோடு தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். குடித்ததை உடனே கொடுக்கவும் செய்யாது. கான்கிரீட் தளம் நண்பகல் வெப்பத்தைச் சில மணி நேரம் தன்னுள் வைத்திருந்து, நீங்கள் விளக்கணைத்துப் படுக்கும் நேரம் பார்த்துக் கீழே இறக்கும். இரவு பத்து மணிக்கு மேலேயிருந்து அனல் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது மத்தியானத்து வெயில்.

புதிதாக அடித்த நல்ல வெள்ளைப் பூச்சு, விழும் வெயிலில் முக்கால் பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். எஞ்சியதிலும் ஒரு பகுதியை வானத்தை நோக்கிக் கதிர்வீசிக் கைவிடும். இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது: பளபளப்பாக இருப்பதால் வெள்ளி நிற அலுமினியப் பூச்சு இன்னும் சிறந்தது என்று எண்ணி அடிக்கிறார்கள். அது வெயிலைத் திருப்பும், ஆனால் தன்னிடம் சேர்ந்த வெப்பத்தை வெள்ளையைப் போல எளிதில் வெளியே விடாது. எனவே வெள்ளையே நல்லது. ஆமதாபாத் மாநகராட்சியும், 2023இல் இதற்கெனத் தனிக் கொள்கையே அறிவித்த தெலங்கானா அரசும் கூரையை வெளுப்பதைத்தான் ஊக்குவிக்கின்றன.

பணம் குறைவாக இருப்பவர்களுக்கு, நீற்றிய சுண்ணாம்போடு வெள்ளை சிமெண்டும் பசையும் கலந்து இரண்டு பூச்சு அடிக்கும் பழைய வழக்கமும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரைந்து போகும் என்பதால் ஆண்டுதோறும் மாசியில் அடிக்க வேண்டும். நிலையாக வேண்டுமென்றால் வெள்ளை ஓடு பதிக்கலாம், ஆனால் பழைய தளத்தின் மேல் எடையை ஏற்றுவதற்கு முன் தளத்தின் நிலையைப் பார்க்க வேண்டும். என் சொந்த விருப்பத்தைக் கேட்டால், முன்பு செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய்த் தண்ணீர் விட்டு அடித்துப் போட்ட தளத்தைத்தான் சொல்வேன். அதை ஒழுங்காக அடிக்கத் தெரிந்த கைகள் இப்போது கிடைப்பதில்லை.

இனி, வரிசைக்கான காரணம். இன்று உங்கள் அறைக்கு ஒன்றரை டன் வேண்டும் என்று தோன்றுவது கூரையின் சூட்டால். கூரை தணிந்த பிறகு 168 சதுர அடிக்கு ஒரு டன்னே போதுமானதாக இருக்கலாம். இப்போதே ஒன்றரை டன் வாங்கிவிட்டால், தேவையில்லாத அரை டன்னுக்கும் விலை கொடுத்தவராவீர்கள்.


மேற்கு மாம்பலம் (பிப்ரவரி 10)

பூச்சை நம்பி நான் ஏமாந்தேன் என்பதையும் பதிவு செய்கிறேன். ஓர் ஒப்பந்தக்காரர் மாடியைக் கழுவக்கூட இல்லாமல், பாசியின் மேலேயே இரண்டு பூச்சு அடித்துவிட்டுப் போனார். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அப்பளம் போல உரிந்துவிட்டது. அவர் அடித்தது வெப்பத் தடுப்புப் பூச்சே அல்ல, வெளிச்சுவருக்கு அடிக்கும் சாதாரண வெள்ளை என்பது வாளியின் அடியில் கிடந்த சீட்டைப் படித்தபோதுதான் தெரிந்தது. முதல் கோடையில் வித்தியாசம் இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.


சுண்ணாம்புக்காளவாய் (பிப்ரவரி 10)

மேற்கு மாம்பலத்தாருக்கு நடந்தது பலருக்கும் நடக்கிறது. கம்பித் தூரிகையால் தேய்த்து, தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, விரிசல்களை அடைத்து, இரண்டு நாள் காயவிட்டபின் அடிப்பதே முறை. வாளியை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். தூசி படியப் படிய வெள்ளை மங்கும். ஆண்டுக்கு ஒருமுறை, கோடைக்கு முன், மாடியைக் கழுவிவிட்டால் பெரும்பகுதி மீளும்.


குளிர்பெட்டி மெக்கானிக் (பிப்ரவரி 11)

நான் ஏசி பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவன். ஆகவே ஏசியின் பக்கம் நின்று பேசுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். பெரியவர் சொன்ன வரிசை சரியானது. ஆனாலும் அந்த 2013ஆம் ஆண்டுப் பெட்டியை என்றைக்காவது மாற்றத்தான் வேண்டும். அந்த வகை, கம்ப்ரசர் ஓடும் நேரத்தில் ஏறக்குறைய 1.7 கிலோவாட் இழுக்கும். கோடை இரவில் எட்டு மணி நேரத்துக்குச் சுமார் பத்து யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வேலையை இன்றைய ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் வகை ஐந்து அல்லது ஆறு யூனிட்டில் முடித்துவிடும். கடையில் நட்சத்திரச் சீட்டைப் பார்க்கும்போது, அதில் அச்சிட்டிருக்கும் ஆண்டு யூனிட் கணக்கு 1600 மணி நேர ஓட்டத்துக்கு உரியது என்பதை நினைவில் கொண்டு, உங்கள் ஓட்டத்துக்கு ஏற்பக் கூட்டியோ குறைத்தோ பாருங்கள்.

வாங்கும்வரை, இருப்பதைச் சரியாக ஓட்டலாம். சீக்கிரம் குளிரட்டும் என்று 18இல் வைப்பதால் பழைய வகை ஏசி சீக்கிரம் குளிர்விப்பதில்லை. எந்த எண்ணில் வைத்தாலும் அதன் கம்ப்ரசர் ஒரே வேகத்தில்தான் ஓடும், நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காது என்பது மட்டுமே வேறுபாடு. வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறக்குறைய ஆறு சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் (BEE) கணக்கிட்டிருக்கிறது. 2020 ஜனவரி முதல், புதிய ஏசிகள் முதலில் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதித்ததும் அதனால்தான். 26இல் வைத்து, மின்விசிறியை மெதுவாகச் சுழலவிடுங்கள். வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாயடியில் கழுவுங்கள். நான் போகும் வீடுகளில் பாதிக்கு மேல் 'கேஸ் குறைந்துவிட்டது' என்று அழைக்கிறார்கள்; போய்ப் பார்த்தால் வடிகட்டியில் கம்பளி போலத் தூசி.

இன்னொன்று, மின்கட்டணப் படிக்கட்டு. 2022 செப்டம்பர் அட்டவணைப்படி இரண்டு மாதத்துக்குச் சரியாக 500 யூனிட் எரித்தவருக்கு 1725 ரூபாய். 510 எரித்தவருக்கு 2030. பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய். 500ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு இருந்த சலுகை விலை பறிபோவதே காரணம். விலைகள் பிறகு சற்று ஏறியிருந்தாலும் படிக்கட்டின் அமைப்பு அதேதான். ஆகவே 610ஐ 500க்குள் கொண்டுவருவதையே முதல் இலக்காக வையுங்கள்.


வாடகைக்குடி (பிப்ரவரி 11)

சொந்த மாடி இல்லாதவர்களுக்கு ஒரு வரி: திரைச்சீலையை விட, சன்னலுக்கு வெளியே தொங்கும் மூங்கில் தட்டியே பலன் தரும். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயிலை உள்ளே இருக்கும் துணியால் முழுவதும் திருப்பி அனுப்ப முடியாது.


குன்னூர்க்காரி (பிப்ரவரி 13)

எங்கள் மலையில் இதே வழக்கு தலைகீழாக நடக்கிறது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் நாங்கள் வெப்பத்தை உள்ளே பிடித்துவைக்கப் போராடுகிறோம். அது முதலில் தப்பிப்பதும் கூரை வழியாகத்தான். தகரக் கூரையின் கீழ் மரப்பலகைத் தளம் இருந்த எங்கள் வீட்டில், இரண்டுக்கும் இடையே கண்ணாடிக் கம்பளியைப் பரப்பி, சன்னல் சட்டங்களின் இடுக்குகளுக்கு ரப்பர் பட்டை ஒட்டிய பிறகு, மாலை ஐந்து மணிக்கே போட்டுக்கொண்டிருந்த ஹீட்டரை எட்டு மணிக்குப் போட்டால் போதும் என்றாயிற்று.

ஹீட்டர் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கம்பிச்சுருள் வகை, எண்ணெய் நிரப்பிய வகை, விசிறி வகை என்று விலை எத்தனை மாறினாலும், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பத்துக்கு மேல் எதுவும் தராது. 2000 வாட் என்றால் மணிக்கு இரண்டு யூனிட். சூடும் குளிரும் தரும் ஏசி மட்டுமே, வெளியிலிருக்கும் வெப்பத்தை உள்ளே இறைப்பதால், ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் அளவு தர வல்லது. எங்கள் பாட்டி இரண்டு லிட்டர் வெந்நீர்ப் பையைக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு தூங்குவார். அதைக் காய்ச்ச யூனிட்டில் ஏழில் ஒரு பங்குகூட ஆகாது. சிக்கனம் என்று எண்ணிக் கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைப்பதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். அதன் நச்சு வாயுவுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும்.

உறையூர் அம்மாவின் வெந்நீருக்கு வருகிறேன். 25 லிட்டர் தண்ணீரை 20 டிகிரி உயர்த்த 0.6 யூனிட்டுக்கும் குறைவே போதும். குளிப்பதற்குக் கால் மணி நேரம் முன் போட்டு, குளித்ததும் அணைத்துவிடுங்கள். நாள் முழுவதும் போட்டுவைத்தால், யாரும் குளிக்காத நேரத்தில் ஆறும் தண்ணீரை அது மீண்டும் மீண்டும் காய்ச்சிக்கொண்டே இருக்கும்.


உறையூரான் (மே 6)

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. காளவாய் ஐயா சொன்னபடி, மாசிக் கடைசியில், கழுவிக் காயவைத்து, வாளியை என் முன்னால் திறக்கச் சொல்லி மாடிக்குப் பூச்சு அடித்தோம். ஏசியை மாற்றவில்லை, 26இல் வைத்து ஓட்டுகிறோம். இரவு ஒன்பது மணிக்கு நாற்காலி மேல் ஏறித் தளத்தின் அடிப்பக்கத்தைத் தொட்டால், முன்பு தோசைக்கல் ஆறும்போது இருப்பது போலிருந்தது. இப்போது வெதுவெதுப்பாக மட்டுமே இருக்கிறது. மேற்குச் சுவர் இன்னும் கொதிக்கிறது, அதற்கு மூங்கில் தட்டி சொல்லியிருக்கிறேன். பூச்சின் கூசலால், பகலில் துணி காயப்போடக் கறுப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு போக வேண்டியிருக்கிறது என்று என் மனைவி குறைப்படுகிறார்.

இன்று ரீடிங் எடுத்தார்கள். சென்ற ஆண்டு 610 இருந்த இடத்தில் இப்போது 505.

மெக்கானிக் அண்ணனின் படிக்கட்டில் ஐந்து யூனிட்டில் வழுக்கினேன். கூடத்திலும் படுக்கையறையிலும் ஓடுபவை 75 வாட் பழைய மின்விசிறிகள். 30 வாட் மட்டுமே இழுக்கும் பிஎல்டிசி மோட்டார் வகை இரண்டு வாங்கி வந்திருக்கிறேன், நாளை காலை எலக்ட்ரீஷியன் வருகிறார். ஏசி வாங்க வைத்திருந்த மீதிப் பணம் அப்படியே இருக்கிறது. அடுத்த மாசி வரை பார்த்துவிட்டு, ஒரு டன் போதுமா என்று இங்கேயே வந்து கேட்கிறேன்.