‘சோஷியல் குவாலிட்டி’: ‘சமூகத் தரம்’ ஏன் வேண்டாம் என்கிறேன்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

> ‘சமூகத் தரம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே. இரண்டும் எல்லாருக்கும் தெரிந்த சொற்கள். புதிதாக ஏன் தேட வேண்டும்?

‘சோஷியல் குவாலிட்டி’ (social quality) என்பது மக்கள் சேர்ந்து வாழும் வாழ்வு எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ஒரு கருத்து. அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் ஐயா ஒருவர் மேலே கேட்டது நியாயமான கேள்வி. ஒரு கணக்கெடுப்பு வினாத்தாளைத் தமிழாக்கும்போது நானும் பத்துப் பக்கம் வரை அப்படித்தான் எழுதிக்கொண்டு போனேன். சரி, யாரிடமாவது படித்துக் காட்டுவோம் என்று தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவிடம் போனேன். “உங்கள் பகுதியின் சமூகத் தரம் எப்படி இருக்கிறது?” என்று கேட்டேன். ஒரு பிளவுஸுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தார். நூலைப் பல்லால் கடித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “இந்தப் பக்கம் நம்ம ஆளுங்க கொஞ்சம்தான் சார், மத்தவங்கதான் நிறைய” என்றார்.

அன்றைக்கே அந்தச் சொல்லை அடித்துவிட்டேன். தமிழ்நாட்டில் ‘நீங்க எந்தச் சமூகம்?’ என்றால் சாதியைத்தான் கேட்கிறார்கள். ‘தரம்’ என்றதும் முதல் தரம், இரண்டாம் தரம் என்று மனம் அடுக்கத் தொடங்கிவிடுகிறது. இரண்டையும் சேர்த்தால் காதில் விழுவது சாதிப் படிநிலை. மனிதரை மேல் கீழாக அடுக்குவதை எதிர்க்கும் ஒரு கருத்துக்கு இப்படி ஒரு பெயரா?

கருத்து பிறந்த இடத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1997இல் ஐரோப்பிய நாடுகள் யூரோ நாணயத்துக்குத் தகுதி பெற, பட்ஜெட் பற்றாக்குறையை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3 சதவீதத்துக்குள் கொண்டுவரச் செலவைக் குறைத்துக்கொண்டிருந்தன. பொருளாதாரக் கொள்கை சொன்னதைச் சமூகக் கொள்கை செய்துகொடுத்தால் போதும் என்ற நிலை. ஐரோப்பிய ஒன்றியத் தலைவர்கள் ஆம்ஸ்டர்டாமில் கூடிய அதே ஜூன் மாதம், அறிஞர்கள் பலர் கையெழுத்திட்டு ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். ஐரோப்பாவின் நகரங்களில் பிச்சைக்காரர்களும் வீடற்றவர்களும் பெருகுவதைப் பார்த்துக்கொண்டிருக்க எங்களுக்கு விருப்பமில்லை என்று நேரடியாகவே அதில் சொன்னார்கள். இந்தக் கோட்பாட்டை வளர்த்தவர்களில் முக்கியமானவர் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தின் ஆலன் வாக்கர். சமூகக் கொள்கைப் பேராசிரியர், முதுமை பற்றிய ஆய்வில் பெயர் பெற்றவர். அவரோடு லோரன்ட் வான் டெர் மாசன், வொல்ஃப்காங் பெக்.

அவர்கள் தந்த விளக்கத்தைச் சுருக்கினால் இப்படி வரும்: தம்மைச் சுற்றியுள்ள சமூக, பொருளாதார, பண்பாட்டு வாழ்வில் மக்கள் எந்த அளவுக்குப் பங்கெடுக்க முடிகிறது, அப்படிப் பங்கெடுப்பதில் அவர்கள் நலமும் திறமையும் வளர்கிறதா. ‘வாழ்க்கைத் தரம்’ ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அளக்கக்கூடியது. இது அப்படியல்ல. எனக்கும் அடுத்த வீட்டுக்காரருக்கும் நடுவில் இருப்பதை அளப்பது. ‘பொதுவாக மனிதர்களை நம்பலாமா’ என்பதும் அவர்களுடைய அளவீடுகளில் ஒன்று. நம்பிக்கை ஒருத்தர் தனியாக வைத்துக்கொள்ளும் சொத்தா என்ன?

வந்த பரிந்துரைகளைப் பற்றி:

‘சமூகச் சால்பு’ சொல்ல அழகாக இருக்கிறது. ஆனால் சால்பு என்றாலே உயர்வுதான். அளக்கும்போது கூடலாம், குறையலாம் என்கிற நடுநிலை அதில் இல்லை.

‘ஊர்வாழ்வுத் தரம்’ என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். மனதுக்கு நெருக்கமான சொல், ஆனால் என்னால் ஏற்க முடியவில்லை. நம் கிராமங்களில் ஊர் வேறு, சேரி வேறு. இன்றைக்கும் ‘ஊர்த்தெரு’, ‘காலனி’ என்று பிரித்துத்தான் பேசுகிறார்கள். பாதிப் பேரை வெளியே நிறுத்திவிட்டு இந்தக் கருத்துக்குப் பெயர் வைக்கக் கூடாது.

என் பரிந்துரை ‘கூட்டுவாழ்வுத் தரம்’. ‘சமூகம்’ போய்விட்டதால் ‘தரம்’ என்ற சொல்லின் விஷமும் இறங்கிவிடுகிறது. கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்று நாக்கில் ஏற்கெனவே பழகிய வேர். மற்ற மொழியினரும் இப்படித் தேடியிருக்கிறார்கள். 2006இல் ஜப்பானின் சிபா நகரில் நடந்த மாநாட்டிலிருந்து ஆசிய ஆய்வாளர்கள் இதைக் கையில் எடுத்தார்கள். சீனாவில் ‘ஜிலியாங்’, தைவானில் ‘பின்ஜி’ என்று ஒரே சீன மொழியில் தரத்துக்கு இரண்டு சொற்கள் வழங்குகின்றன. அதனால் நமக்குள் ஒரே சொல்தான் வேண்டும் என்று அடம் பிடிக்கவும் தேவையில்லை.

அன்புடன்.

---

அண்ணா, வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன்.

‘தரம்’ எங்களுக்கு இன்னொரு சிக்கல். பிள்ளை தரம் ஐந்தில் படிக்கிறான் என்போம். ஆனாலும் ‘கூட்டுவாழ்வு’ முன்னால் நிற்பதால் குழப்பம் வராது. எனக்குள்ள தயக்கம் வேறு. உயிரியலில் ‘கூட்டுயிர் வாழ்க்கை’ என்று ஒரு சொல் உண்டு, பாசியும் பூஞ்சையும் ஒட்டி வாழ்வது. மாணவர்களுக்கு அது நினைவுக்கு வரும்.

அடுத்தது, இந்தக் கோட்பாட்டின் நான்கு நிபந்தனைகளில் ஒன்றான ‘எம்பவர்மென்ட்’டை (empowerment) முன்பு ‘அதிகாரமளித்தல்’ என்று எழுதியிருந்தீர்கள். நாங்கள் ‘வலுவூட்டல்’ என்கிறோம். அதிகாரம் என்றால் மேலிருந்து ஒருவர் கொடுக்க வேண்டும். வலு ஆளுக்குள்ளே ஏறுவது. இதை மட்டும் தயவுசெய்து மாற்றுங்கள்.

---

தங்கைக்கு,

‘வலுவூட்டல்’ மிகச் சரி, மாற்றிவிட்டேன். இத்தனை நாள் ‘அதிகாரமளித்தல்’ என்று யோசிக்காமல் எழுதியது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பாசியும் பூஞ்சையும் நினைவுக்கு வந்தால் வரட்டும். ஒன்றால் ஒன்று வாழ்வது என்ற பொருள் நமக்குப் பகையில்லை.

புதுச் சொல்லோடு தையல்கடை அக்காவிடம் திரும்பப் போனேன். “கூட்டுக் குடும்பமா சார்?” என்றார். அதனால் கலைச்சொல்லை அறிக்கையில் மட்டும் வைத்துக்கொண்டு, வினாத்தாளில் “ராத்திரி திடீரென்று உடம்புக்கு முடியவில்லை என்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள்?” என்று மாற்றினேன். அக்கா ஊசியைக் கீழே வைத்துவிட்டு நாலு வீடுகளைச் சொன்னார். அதில் இரண்டு, அன்றைக்கு ‘மத்தவங்க’ என்றாரே, அவர்களுடைய வீடு.

நான்கில் மூன்றுக்குச் சொல் அமைந்துவிட்டது: சமூகப் பொருளாதாரப் பாதுகாப்பு, பிணைப்பு, வலுவூட்டல். ஒதுக்கிவைத்தலுக்கு எதிரான நாலாவது, ‘இன்க்ளூஷன்’ (inclusion), அதுதான் பாக்கி. ‘உள்ளடக்கம்’ என்றால் புத்தகத்தின் பொருளடக்கம் மாதிரி இருக்கிறது, ‘அடக்கு’ வேறு உள்ளே உட்கார்ந்திருக்கிறது. ‘உட்சேர்ப்பு’ என்றால் சேர்க்கிறவர் ஒருவர் வாசலில் நிற்கிற மாதிரி படுகிறது. உங்கள் பக்கத்தில் பேச்சில் என்ன வழங்குகிறது, எழுதுங்கள்.