செம்பருத்தியில் மாவுப்பூச்சி, மல்லியில் ஊதா மொட்டு, பாத்தியெல்லாம் கோரை

வேலியோரம்:
இடம் திருச்சி, செம்மண் தரை, பத்தடிக்கு ஆறடி பாத்தி. செம்பருத்திக் கொழுந்து சுருண்டு, காம்போரம் பஞ்சு அப்பியது போல வெள்ளை. வேப்பெண்ணெய் மூன்று முறை அடித்தும் போகவில்லை. இலை ஓரம் கருகியதுதான் மிச்சம். குண்டுமல்லி மொட்டு ஊதாவாகி, விரியாமலே உதிர்கிறது. கோரையோ பிடுங்கப் பிடுங்க இரட்டிப்பாகிறது. எதை முதலில் கவனிக்க?

கொத்தும்கூடையும்:
எறும்பை. மாவுப்பூச்சி விடும் இனிப்புக் கழிவுக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், தின்ன வரும் பொறிவண்டையும் விரட்டும். தண்டில் நாலு விரல் அகலத்துக்குத் துணி சுற்றி, அதன்மேல் கிரீஸ் தடவுங்கள். பட்டையில் நேரடியாகப் பூச வேண்டாம். சுவரைத் தொடும் கிளையை வெட்டாவிட்டால் எறும்பு அந்த வழியாக ஏறிவிடும்.

நீங்கள் சோப்பு சேர்க்கவில்லை என்று நினைக்கிறேன். சோப்பு இல்லாமல் எண்ணெய் மிதக்கும். ஸ்பிரேயர் அடியிலிருந்து உறிஞ்சுவதால் முதலில் வெறும் தண்ணீர், கடைசியில் வெறும் எண்ணெய். கருகியவை கடைசியில் அடித்த இலைகளாக இருக்கும். 5 மி.லி. எண்ணெயும் 1 மி.லி. சோப்புக் கரைசலும் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் பால் போல வெளுக்கும்வரை கலக்கி, பிறகு 1 லிட்டராக்குங்கள். மேலே எண்ணெய்ப் படலம் தெரிந்தால் அடிக்காதீர்கள்.

அதற்கு முன் சுருண்ட நுனிகளை வெட்டிப் பையில் கட்டிவிடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். ஹோஸ் பைப்பால் வேகமாகப் பீய்ச்சினால் பாதிப் பூச்சி உதிரும். மாலை 5 மணிக்கு மேல், இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். முட்டைப்பைக்குள் மருந்து சரியாக இறங்காது, பொரித்து வருவதைத்தான் பிடிக்க முடியும். அதனால் 7 நாள் இடைவெளியில் மூன்று முறை.

சரம்தொடுப்பவர்:
மல்லியில் மொட்டுப்புழு. ஊதா மொட்டு ஒன்றைப் பிளந்தால் கருந்தலையோடு பச்சைப்புழு இருக்கும். கெட்ட மொட்டுகளைத் தினமும் பொறுக்கி அழியுங்கள். 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து 1 லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, வடிகட்டி, சோப்பு சேர்த்து மாலையில் அடிக்கலாம். கடையில் நனையும் கந்தகம் கொடுப்பார்கள், வாங்காதீர்கள். அது சிலந்திப்பூச்சிக்கான மருந்து, மொட்டுப்புழுவுக்கு அல்ல. கத்திரி வெயிலில், அதுவும் வேப்பெண்ணெய் பட்ட செடியில், இலையைப் பொசுக்கும்.

களைக்கொத்தி:
கோரைக்கிழங்குகள் மண்ணுக்குள் சங்கிலியாக இருக்கும். நுனிக்கிழங்கு முளைத்திருக்கும்வரை மற்றவற்றில் பல உறங்கும். பிடுங்கினால் சங்கிலி அறுந்து ஒவ்வொன்றும் தனியாக முளைக்கும். மண்வெட்டியும் அதையேதான் செய்யும், தோட்ட முள்கரண்டியால் கிளறுங்கள். செடியில்லாத இடத்தில் தண்ணீர் விடுவதை நிறுத்தி, ஓரடி ஆழம் கிளறி, கிழங்குகளைப் பொறுக்கி சிமெண்ட் தரையில் சுருங்கும்வரை காயவிடுங்கள். இதற்குச் சித்திரையை விட நல்ல மாதம் இல்லை. நடுவில் கோடைமழை பெய்தால் திரும்பக் கிளற வேண்டும்.

கொத்தும்கூடையும்:
கருப்பு பாலித்தீன் போர்த்தினால்?

களைக்கொத்தி:
கோரை ஊசி போலத் துளைத்து வெளியே வரும். மற்ற களைக்குச் சரி.

வேலியோரம்:
மல்லித் தூரை ஒட்டியிருக்கும் கோரையை?

களைக்கொத்தி:
அங்கே தோண்டினால் மல்லி வேர் போய்விடும். கத்தியை மண்ணுக்குள் ஒரு அங்குலம் விட்டு, 10 நாளுக்கு ஒருமுறை அறுங்கள். ஐந்தாறு இலை விடுவதற்குள் அறுத்தால்தான் கிழங்கின் சேமிப்பு கரையும். முடிய இரண்டு பருவம்கூட ஆகலாம். கிளைஃபோசேட் களைக்கொல்லி யோசனை வேண்டாம்: இலையில் தெறித்தால் மல்லியும் காலி, 2022 முதல் பயன்பாட்டுக்கும் கட்டுப்பாடு உண்டு.