நாட்டிய மேடையில் நோட்டேஷன்: உங்கள் அனுபவம் என்ன?

பரதநாட்டியத்துக்கு வயலின் வாசிக்கிறேன். நோட்டேஷன், அதாவது சுரங்களை எழுதிவைத்த தாளைப் பார்த்து வாசிப்பவர்களை இளக்காரமாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது. ஜதிஸ்வரம் என்ற நடன உருப்படியில் சாகித்யமே (பாட்டு வரிகளே) கிடையாது; ஒவ்வொரு சுரத்துக்கும் அடவு (நடன அசைவு) கட்டியிருக்கும். நோட்டேஷனில் ஒரு கால்புள்ளியை விட்டால் ஓர் அட்சரம் (தாள அளவு) போச்சு, அரைப்புள்ளி என்றால் இரண்டு. அடவுகளின் கோர்வை முடியும் இடத்தில் கால் ஒரு பக்கம், வில் ஒரு பக்கம் நிற்கும். ஒத்திகைக்கு ஒரே ஒரு மாலைதான் என்றால் தாள் இல்லாமல் என்ன செய்வது?

வர்ணம் வேறு சங்கதி; அதில் பாட்டு வரிகளுக்கு அபிநயமும் உண்டு. சமீபத்தில் ஓர் அரங்கேற்றம், தஞ்சை நால்வர் என்ற சகோதரர்களின் பைரவி ராக வர்ணம். புல்லாங்குழல் வாசிக்க வந்த பையன் எந்த வரி எத்தனை தடவை என்று பென்சிலில் குறித்தே வைத்திருந்தான். ஆடிய பெண்ணோ சஞ்சாரியில் (ஒரு வரியை அபிநயத்தால் விரித்துக் காட்டும் இடம்) ஒத்திகையில் இல்லாத ஒன்றை ஆரம்பித்துவிட்டாள்: பூத் தொடுத்துக்கொண்டே தோழியிடம் கோபித்துக்கொள்வது. பாடகர் அதே வரியைச் சுற்றிச் சுற்றிப் பாடுகிறார். பையன் குறித்தபடி அடுத்த வரிக்குப் போய்விட்டான். ஆட்டத்தைத் தாளம் போட்டு நடத்தும் நட்டுவனார், தாளம் தவறாமல் ஒரு முறை முறைத்தார் பாருங்கள்!

அந்த இடத்தில் நான் பார்ப்பது ஆடுபவரைத்தான். விரிவை முடித்துச் சொல்லுக்குச் சொல் அபிநயத்துக்குத் திரும்பினால், அடுத்து தட்டுமெட்டு (அந்த வரிக்குக் காலால் தாளம் தட்டி ஆடுவது), அப்புறம்தான் புது வரி. விளக்கெல்லாம் அவர் மேல். ஓரத்தில் உட்காரும் நமக்கு இருட்டு. (இப்போது டேப்லெட் வைத்துக்கொள்கிறார்கள். முகம் பேய் மாதிரி தெரிகிறது.)

பைரவியில் இன்னொன்று. தாளில் தைவத சுரத்துக்கு 'த' என்று ஒரே எழுத்துதான் இருக்கும். ஏறும்போது சதுச்ருதி தைவதம், இறங்கும்போது சுத்த தைவதம். அதற்கு மேல் கமகம், அதாவது சுரத்தை அசைத்து வாசிப்பது. கேட்டுப் பழகாதவர் விரலில் அது வராது.

—

அண்ணா, நான் நட்டுவாங்கம் செய்கிறவள். எனக்கு நேர் எதிராக நடந்தது. கச்சேரியில் பேர் வாங்கிய வித்வான் ஒருவர் வாசிக்க வந்தார். ஜதிஸ்வர நோட்டேஷனை நீட்டினேன், "கேட்டாலே போதும்மா" என்றார். அப்போதைக்குத் தோன்றியபடி வாசிக்கும் கற்பனை ஸ்வரம் மாதிரி அழகாகத்தான் வாசித்தார். குழந்தைதான் கால் எங்கே வைப்பது என்று தெரியாமல் என் முகத்தையே பார்த்தது. தட்டுகழியை (தாளம் தட்டும் கழி) ஓங்கி அடித்துச் சமாளித்தேன். அதிலிருந்து ஜதிஸ்வரம், தில்லானா இரண்டுக்கும் நோட்டேஷனோடு ஒத்திகைப் பதிவையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன். பதத்துக்கு (அபிநயத்துக்கான பாட்டு) மட்டும் எதுவும் அனுப்புவதில்லை. எந்த இடத்தில் எவ்வளவு இழுப்போம் என்று எங்கள் பாடகருக்கே முன்கூட்டித் தெரியாது.