மோட்சார்ட் கிளாரினெட் கான்செர்ட்டோ: பிரைமரா, மேயரா?

கேள்வி:
மோட்சார்ட்டின் கிளாரினெட் கான்செர்ட்டோவை (கிளாரினெட் என்ற குழல் கருவி தனியாக முன்னின்று இசைக்குழுவோடு வாசிக்கும் படைப்பு) ஒரு வருடமாக ஜாக் பிரைமர் வாசித்த பதிவில்தான் கேட்கிறேன் (இசைக்குழுவை நடத்தியவர் பீச்சம்). நேற்று சபீனே மேயர் வாசித்ததைப் போட்டேன். சில இடங்களில் பிரைமர் மேலே தாவுகிறார், மேயர் கீழே இறங்கிப்போகிறார். எது சரி?

பதில்:
மேயர் வாசிப்பது பேசெட் கிளாரினெட். நம் கிளாரினெட்டைவிட நீளம், கீழே நான்கு அரைச்சுரம் கூடுதல். 1791இல் மோட்சார்ட் தன் நண்பர் அன்டோன் ஷ்டாட்லருக்காக எழுதியது அந்த மாதிரிக் கருவிக்குத்தான். கையெழுத்துப் பிரதி தொலைந்துவிட்டது. 1801இல் அச்சிட்டபோது சாதாரணக் கிளாரினெட்டுக்கு எட்டாத சுரங்களை மேலே தூக்கிப் போட்டுவிட்டார்கள். பிரைமர் வாசிப்பது அந்த வடிவம். பேசெட் வடிவம் பின்னால் ஊகித்து மீட்டெடுத்தது.

ஆறு வருடம் கிளாரினெட் பழகினேன். அந்த இடங்கள் எனக்கு எப்போதும் உறுத்தும். வரிசை படிப்படியாக இறங்கி வருகிறது, சுண்டுவிரல் கடைசிக் கட்டையை அமுக்கியாகிவிட்டது, அதற்குக் கீழே குழலே இல்லை. மூச்சு இன்னும் கீழே போகப் பார்க்கிறது, விரலோ மேலே ஓட வேண்டும். மேயரிடம் அதே வரிசை அடிவரை போய் நிற்கும்போது எனக்குக் கண் கலங்கியிருக்கிறது.

ஆனால் மெதுவான நடுப்பகுதியான அடாஜியோவுக்கு நான் பிரைமரிடம்தான் போவேன். பீச்சம் அவசரப்படுத்தவே மாட்டார். நடுவில் எல்லோரும் நிற்க, கிளாரினெட் மட்டும் தனியாக நாலு சுரம் உதிர்த்துவிட்டு முதல் மெட்டுக்குத் திரும்பும் அல்லவா? அங்கே பிரைமருடைய தொனியில் மெல்லிய அசைவு ஒன்று இருக்கும், பாடுகிறவர் குரல் மாதிரி. வேறு யாரிடமும் எனக்கு அது கிடைக்கவில்லை.

மற்றொரு பதில்:
அந்த அசைவே இல்லாமல் கேட்க வேண்டுமானால் ஆல்ஃபிரட் பிரின்ஸ் வாசித்து, வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவை கார்ல் போம் நடத்திய பதிவு. நேர்க்கோடு மாதிரி ஒலி. எனக்கு அதுதான் மோட்சார்ட்.

பதில் (முன்பு எழுதியவர்):
பிரின்ஸ் அருமைதான், ஒப்புக்கொள்கிறேன். அப்புறம் ஆன்டனி பே வாசித்து ஹாக்வுட் நடத்திய பதிவையும் கேளுங்கள். பழங்கால பாணிக் கருவி. கட்டைகள் குறைவு என்பதால் சில சுரம் மங்கலாகவும் சில சுரம் பளிச்சென்றும் வரும். எனக்கு அது குறையாகவே படவில்லை.

கேட்டவர்:
நன்றி. மேயர் பதிவை ஹெட்ஃபோனில் திரும்பப் போட்டேன். அந்த அடிச்சுரம் காதில் விழவில்லை, நெஞ்சில் விழுந்தது. இன்றிரவு பே.