பழைய பில்ட்-இன் ஓவன் இருந்த இடத்தில் புதியது பொருந்தவில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி (சென்னை, ஆதம்பாக்கம்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அடுக்ககச் சமையலறையில், கேஸ் ஹாபுக்கு (மேடையில் பதித்த அடுப்புக்கு) நேர் கீழே பொருத்தப்பட்டிருந்த பில்ட்-இன் ஓவன் 13 ஆண்டுகள் உழைத்துவிட்டு, கன்ட்ரோல் போர்டு எரிந்து நின்றுவிட்டது. அந்த மாடலுக்கு உதிரி பாகம் இனி வராது என்று சொல்லிவிட்டார்கள். 60 செ.மீ. ஓவன் என்றால் எல்லாம் ஒரே அளவுதானே என்று நம்பிப் புதிதாக ஒன்று வாங்கினேன். பொருத்த வந்தவர் அதை உள்ளே தள்ளிப் பார்த்தபோது உயரத்தில் இடித்தது. சாய்த்து நுழைத்தும், அலமாரிக்கு வெளியே ஏறத்தாழ 4 செ.மீ. நீட்டிக்கொண்டே நின்றதால் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

பொந்தின் அகலம் 565 மி.மீ., உயரம் 578 மி.மீ., சுவர் வரை ஆழம் 560 மி.மீ. இருக்கிறது. ஆனால் பின்சுவரில், கீழ் இடது மூலையில் 16 ஆம்பியர் சாக்கெட் உள்ளது. பழைய ஓவனின் முதுகு அந்த மூலையில் உள்வாங்கி இருந்ததால் ப்ளக்குக்கு இடம் கிடைத்தது. இப்போது வருபவை அப்படி இல்லை. இரு பக்கமும் இழுப்பறைகள் இருப்பதால் அகலத்தைத் தொட முடியாது. மேடைக்கும் எதிர்ச்சுவருக்கும் இடையே 90 செ.மீ. வழிதான். வாரந்தோறும் ரொட்டியும், டிசம்பரில் உறவினர்களுக்காகப் பிளம் கேக்கும் செய்கிறேன். அலமாரியை மாற்றுவதா, 45 செ.மீ. உயரமுள்ள சிறிய ஓவன் வாங்குவதா?

பதில் 1 (மாடுலர் கிச்சன் தச்சு வேலை செய்பவர்)

அம்மா, நீங்கள் பொந்தை அளந்து எழுதியதே பாதி வேலையை முடித்துவிட்டது. பெரும்பாலானவர்கள் பழைய ஓவனின் முகப்பை அளந்துகொண்டு கடைக்குப் போகிறார்கள். முகப்பு எல்லா 60 செ.மீ. ஓவனிலும் கிட்டத்தட்ட 595 மி.மீ.தான், அது எதையும் சொல்லாது. வாங்கும் முன் அந்த மாடலின் பொருத்துதல் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். பாஷ், சீமென்ஸ் போன்ற நிறுவனங்கள் அதைத் தங்கள் இணையதளத்திலேயே வைத்திருக்கின்றன. பொதுவாக அகலம் 560, ஆழம் 550 என்றும், மேடைக்குக் கீழே வைப்பதானால் உயரம் 600 என்றும் கேட்பார்கள்.

உயரத்துக்கு வழி இருக்கிறது. அடிப்பலகையைக் கழற்றிப் பாருங்கள். அந்தக் காலத்து அலமாரிகளில் பலகைக்குக் கீழே 25 மி.மீ. மரச்சட்டம் கொடுத்திருப்பார்கள். சட்டத்தை எடுத்துவிட்டு, பலகையைப் பக்கவாட்டில் இரும்பு ஆங்கிள் மேல் உட்கார வைத்தால் 603 கிடைத்துவிடும். ஓவன் 35 கிலோ வரை எடை இருக்கும் என்பதால் அந்த ஆங்கிள் நல்ல கனமாக இருக்கட்டும். ஹாபுக்கும் ஓவனுக்கும் நடுவில் உள்ள தடுப்புப் பலகையை எடுத்து உயரம் சேர்க்கலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். அடிப்பலகை பின்சுவரைத் தொடாமல் சில செ.மீ. இடைவெளி விட்டு, கீழே ஸ்கர்ட்டிங்கிலும் (தரையை ஒட்டிய முகப்புப் பலகையிலும்) காற்று புக ஒரு திறப்பு வையுங்கள். காற்றோட்டம் இல்லாவிட்டால் இரு பக்கத்து இழுப்பறைகளிலும் லேமினேட் உரிந்துவிடும்.

45 செ.மீ. ஓவனைப் பற்றி ஒன்று: அது உயரத்தில்தான் சிறியது, ஆழத்தில் அல்ல. உங்கள் ப்ளக் சிக்கல் அப்படியே இருக்கும்.

பதில் 2 (எலெக்ட்ரீஷியன்)

மேலே நண்பர் சொன்னதை வழிமொழிகிறேன். ஓவனுக்கு நேர் பின்னால் சாக்கெட் வைத்ததே தவறு. மின்னிணைப்பைத் துண்டிக்க வேண்டுமென்றால் ஓவனையே வெளியே இழுக்க வேண்டும். அதைப் பக்கத்து அலமாரிக்குள், கை எட்டும் இடத்துக்கு மாற்றுங்கள். 16 ஆம்பியர் ப்ளக் செருகியிருக்கும்போது சுமார் 5 செ.மீ. இடத்தை அடைத்துக்கொள்கிறது, உங்கள் ஓவன் வெளியே நீண்டதற்கு அதுதான் காரணம். 3,400 வாட் ஓவன் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 15 ஆம்பியர் இழுக்கும் என்பதால், அந்த வயரில் மைக்ரோவேவையோ கெட்டிலையோ சேர்க்காமல் தனி எம்.சி.பி.யில் (மின்சுமை மிஞ்சினால் தானே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சில்) இருந்து 4 சதுர மி.மீ. தாமிர வயர் இழுப்பது நல்லது.

இதைவிட அவசரமான ஒன்று: ஹாபுக்குப் போகும் கேஸ் ரப்பர் குழாய் அந்தப் பொந்தின் பின்னால் ஓடுகிறதா என்று இன்றே பாருங்கள். ஓவனின் முதுகுச் சூட்டில் ரப்பர் விறைத்து வெடிப்பு விடும். அங்கே ஓடினால் ஓவன் வாங்குவதற்கு முன்பே அதன் வழியை மாற்றிவிடுங்கள்.

பதில் 3 (வீட்டில் கேக் செய்து விற்பவர்)

நான் ஐந்து ஆண்டுகளாக 45 செ.மீ. ஓவனில்தான் செய்கிறேன். தட்டின் அகலம் பெரிய ஓவனில் உள்ளதைப் போலவே இருப்பதால் 8 அங்குல டின் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடிகிறது. இரண்டு அடுக்காக வைத்தால்தான் ரொட்டி மேல் தட்டில் இடிக்கும். நீங்கள் ரொட்டி செய்பவர் என்பதால், பொந்தைச் சரிசெய்ய முடிகிற வரையில் 60 செ.மீ. ஓவனையே சொல்வேன். மேலும் 45 செ.மீ. உயரத்தில் கடையில் கிடைப்பவற்றில் பல மைக்ரோவேவும் சேர்ந்தவை, விலையும் அதிகம்.

90 செ.மீ. வழியில் கதவைத் திறந்தால் நிற்க இடம் பாதியாகிவிடும். சூடான தட்டை எடுக்கும்போது முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று எடுத்துப் பழகுங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று அடிப்பலகையைக் கழற்றினோம்; சொன்னபடியே சட்டம் இருந்தது, ஆனால் 22 மி.மீ.தான். ஆகவே பலகையை இன்னும் சற்றுத் தாழ்த்தி 602 கிடைக்கும்படி ஆங்கிள் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். கேஸ் குழாய் உண்மையாகவே பொந்தின் பின்னால்தான் ஓடுகிறது. பழைய ஓவனுக்குப் பின்னால் இத்தனை ஆண்டுகள் அது இருந்திருக்கிறது என்பதை நினைத்தாலே பதறுகிறது. கேஸ் ஏஜென்சியிலிருந்து ஆள் வந்து அதை மாற்றிய பிறகு சாக்கெட் வேலை தொடங்கும், 60 செ.மீ. ஓவனை அதற்குப் பின்னரே வாங்கப் போகிறேன்.